மியூட்டில் இருந்த புல்லாங்குழல்

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம். எங்கள் தறிக்கு லீவு என்பதால் வீடு ஓரளவு அமைதியாக இருந்தது. சாப்பாடு முடிந்ததும் என் மனைவி பூங்கொடியைக் கூப்பிட்டு கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்தேன். கொண்டையில் இடிக்காமல் ஹெட்போனை மாட்டிவிட்டு, புதுப் பாட்டை ஓட விட்டேன்.

பனமரத்துப்பட்டி ஏரி நிரம்பிய வருஷம் தோன்றிய மெட்டு அது. பல காலம் மண்டைக்குள்ளேயே கிடந்துவிட்டு அப்போதுதான் பாட்டாகியிருந்தது. நடுவில் புல்லாங்குழல் தனியாக வரும் இடம் ஒன்று உண்டு. அதைப் பிசகாமல் வாசிக்க இரண்டு மாதம் பிடித்தது.

பூங்கொடி பாட்டுக் கேட்கும் விதமே தனி. இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சைக்கு வந்த பிள்ளை மாதிரி திரையையே பார்த்துக்கொண்டிருப்பாள். அன்றும் அப்படித்தான் பார்த்தாள். முடிந்ததும் ஹெட்போனைக் கழற்றி என் கையில் கொடுத்தாள்.

“நல்லாருக்குதுங்க. அந்தக் கொழலு வார எடம் ரொம்ப நல்லாருக்குது. மேல ஏறி எறங்கறது அப்படியே மனசப் புடிக்குதுங்க.”

எனக்குத் தலைகால் புரியவில்லை. பெருமையோடு திரையைப் பார்த்தேன். புல்லாங்குழல் ட்ராக்குக்கு நேரே மியூட் பட்டன் சிவப்பாக இருந்தது.

அன்று காலை என் குரலை மட்டும் சரிபார்ப்பதற்காக நான்தான் அதை அமுக்கியிருந்தேன். எடுத்துவிட மறந்துபோனேன். அவள் கேட்ட பாட்டில் புல்லாங்குழலே கிடையாது.

கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. உண்மையாகவே மனசைப் பிடித்த முகமாகத்தான் இருந்தது. பாத்திரம் கழுவ எழுந்து போய்விட்டாள். நான் அந்தச் சிவப்புப் பட்டனைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன்.

கோழிக்குஞ்சு கத்தும் காலம்

கீபோர்டு வாங்கிய கதையைச் சில வாரங்களுக்கு முன் எழுதியிருந்தேன். அதைப் படித்த வாசகர் ஒருவர், ‘உங்கள் ஊர் இளம்பிள்ளையில் வீட்டுக்கு வீடு தறி ஓடுமே, அந்தச் சத்தத்தில் எப்படி ஐயா ரிக்கார்டிங் செய்கிறீர்கள்?’ என்று கேட்டிருந்தார். நியாயமான கேள்வி.

பதில் சுலபம். கரண்ட் போனால் செய்வேன்.

ஞாயிறு எங்கள் தறி ஓய்ந்தாலும் தெருவில் மற்ற தறிகள் ஓடும்; கரண்ட் போனால்தான் எல்லாத் தறியும் நிற்கும். தெருவே கப்சிப் என்று ஆகும். மாதம் ஒருமுறை பராமரிப்புக்காக நிறுத்துவார்களே, அந்த அறிவிப்பு பேப்பரில் வந்ததும் ஊரே முகம் சுளிக்கும். நான் மட்டும் தேதியைச் சுற்றி வட்டம் போட்டுவைப்பேன்.

ஆனால் தறி நின்றால் கம்ப்யூட்டரும் நின்றுவிடுமே. அதற்குத்தான் யுபிஎஸ். என் முதல் கம்ப்யூட்டரோடு வந்த யுபிஎஸ் பதினைந்து நிமிடம் தாங்கும். அந்தப் பதினைந்து நிமிடத்துக்குள் பாடி, வாசித்து, சேவ் செய்துவிட வேண்டும். என் ஆரம்பகாலப் பாட்டுகளெல்லாம் கொஞ்சம் ஓட்டமும் நடையுமாக இருப்பதன் ரகசியம் இதுதான்.

நான் முதலில் பாட்டுப் பதிந்தது, கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருந்த ஒருவர் சிடியில் போட்டுக் கொடுத்த சாஃப்ட்வேரில். மொத்தமே இரண்டு ட்ராக். ஒன்றில் கீபோர்டு, ஒன்றில் குரல். புல்லாங்குழல் வேண்டுமென்றால் முதல் இரண்டையும் ஒன்றாக்கி ஒட்டிவிட்டு, காலியான இடத்தில் வாசிக்க வேண்டும். ஒட்டியதை மறுபடி பிரிக்க முடியாது.

யுபிஎஸ்ஸில் ஒரு தொல்லை இருந்தது. கரண்ட் போன நொடியிலிருந்து ‘கீக்… கீக்…’ என்று கத்தும். அது மைக்கில் ஏறிவிடும். அதனால் நீளமான வயர் போட்டு அதை அடுப்படியில் கொண்டுபோய் வைத்தேன். ஹெட்போன் மாட்டிய எனக்கு அது கேட்காது. பேட்டரி தீரப்போகும்போது கத்தல் வேகமாகும். அதைக் கவனித்துச் சொல்ல ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் பூங்கொடி. தறி நின்ற நேரத்தில் அவளுக்கும் ஓய்வுதான். அடுப்படியில் எதையாவது நறுக்கிக்கொண்டே காது கொடுத்திருப்பாள். கத்தல் வேகமானதும், “கோழிக்குஞ்சு கத்துதுங்க! சேவ் பண்ணுங்க!” என்று ஒரு குரல் கொடுப்பாள். அது ஹெட்போனையும் தாண்டி வந்து விழும். பழைய பாட்டுகள் சிலவற்றின் கடைசியில் அந்தக் குரல் இன்னமும் இருக்கிறது.

அவளுக்கு சரிகமபதநி தெரியாது. ஆனால் என்ன காது! ஆறு தறி ஓடும்போது மூன்றாம் தறியில் சத்தம் மாறுகிறது என்று சோறு வடித்துக்கொண்டே சொல்லிவிடுவாள். போய்ப் பார்த்தால் ஊடு நூலை இழுத்து ஓடும் நாடா உரசிக்கொண்டிருக்கும். அதனால் எந்தப் பாட்டையும் முதலில் அவளிடம்தான் காட்டுவேன். அவள் ‘சரிங்க’ என்றால்தான் எனக்குப் பாட்டு முடிந்த மாதிரி.

கையும் உதடும்

தறிக்கூடத்தில் யாரும் கத்திப் பேச மாட்டார்கள். கத்தினாலும் கேட்காது. எல்லாம் கையும் உதடும்தான். இரண்டு விரலை உதட்டருகே கொண்டுபோனால் டீ. கட்டைவிரலால் பின்னால் காட்டினால் முதலாளி வருகிறார், அதாவது நான். உதட்டசைவைப் பார்த்தே ஊர்க்கதை முழுவதையும் பேசி முடித்துவிடுவார்கள்.

இந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிடும். எங்கள் வீட்டில் யாரும் இன்னொரு அறையிலிருந்து கேள்வி கேட்பதில்லை. எதிரே போய் நின்று, முகத்தைப் பார்த்து, கையையும் ஆட்டிப் பேசுவோம். எங்கள் மகள் நந்தினி பள்ளிக்கூடத்தில் அப்படிப் பேசப்போய், ‘என்னம்மா டான்ஸ் ஆடுகிறாய்?’ என்று டீச்சர் கேட்டாராம்.

இதை ஏன் இவ்வளவு விரிவாகச் சொல்கிறேன் என்றால், வேறு ஊராக இருந்திருந்தால் ஆறு மாதத்தில் தெரிந்திருக்க வேண்டிய ஒரு விஷயம் எங்கள் வீட்டில் பல வருஷமாக யாருக்குமே தெரியவில்லை.

முட்டை அட்டை

இரண்டாவது சாஃப்ட்வேரில் எட்டு ட்ராக். எட்டையும் பார்த்ததும் கண்மண் தெரியாமல் போய், ஒரே பாட்டில் நான்கு புல்லாங்குழல் வைத்தேன். மூன்றாவது, லேப்டாப் வாங்கியபோது வந்தது. லேப்டாப்பில் பேட்டரி உண்டு என்பதால் யுபிஎஸ் பரணுக்குப் போனது. கோழிக்குஞ்சும் ஓய்ந்தது. இரண்டு மணி நேரம் ஆற அமரப் பாட முடிந்தது.

அந்தச் சமயத்தில்தான் என் அறையை ஸ்டுடியோ ஆக்குகிறேன் என்று கிளம்பினேன். நாமக்கல் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் என் மச்சான் ஒரு வண்டி நிறைய முட்டை அட்டை அனுப்பினார். நான்கு சுவரிலும் மேலே கூரையிலும் ஒட்டினேன். தறிச் சத்தம் உள்ளே வரக் கூடாதாம். அட்டையின் வாசனை மட்டும் மூன்று மாதம் போகவில்லை. சத்தம் நன்றாகவே வந்தது.

மிக்ஸிங் என்ற வேலையும் அப்போதுதான் பிடிபட்டது. குரல், கீபோர்டு, குழல் எல்லாவற்றையும் அளவாகக் கலப்பது. ஈக்வலைசர் என்று ஒரு கோடு இருக்கும். இடது பக்கம் அடிக்குரல், வலது பக்கம் கீச்சுக்குரல். எந்தப் பக்கம் கூட்ட வேண்டுமோ அந்தப் பக்கம் கோட்டை மேலே இழுக்க வேண்டும்.

பூங்கொடியைக் கேட்டுக் கேட்டுத்தான் இழுப்பேன்.

“கொழலு இன்னுங் கொஞ்சம் தெளிவா வரட்டுமுங்க.”

“இப்ப?”

“இன்னுங் கொஞ்சம்.”

“இப்ப போதுமா புள்ள?”

“ம்ம்… இப்ப சரிங்க.”

நந்தினி படித்து முடித்து சேலத்தில் வேலைக்குப் போனாள். பஸ்ஸில் போகும்போது என் பாட்டுகளை போனில் கேட்பாள். ஒருநாள் வந்து சொன்னாள்.

“ஏனுங்கப்பா, மெட்டெல்லாம் நல்லாத்தானுங்க இருக்குது. ஆனா காதக் குத்துதுங்கப்பா.”

“உன்ற ஹெட்போன் மட்டமா இருக்கும் அம்மிணி.”

“உங்க பழைய பாட்டு இதுலதானுங்களே கேக்கறேன். அது குத்தலியே.”

நான் ஒத்துக்கொள்ளவில்லை. அம்மாவே சரி என்று சொல்லிவிட்டாள், நீ என்ன புதுசாக என்று வாயை அடைத்துவிட்டேன். அடுத்த பாட்டிலும் பூங்கொடி ‘இன்னுங் கொஞ்சம்’ என்றாள். நானும் இழுத்தேன்.

இப்போதிருக்கும் நான்காவது சாஃப்ட்வேர் நந்தினி போட்டுக் கொடுத்தது. அதற்கு லேப்டாப் போதாது என்று பெரிய கம்ப்யூட்டர் வந்தது. கூடவே புது யுபிஎஸ். பழையபடி அது அடுப்படிக்குப் போனது. கோழிக்குஞ்சு மறுபடி கத்தத் தொடங்கியது.

ஆனால் பூங்கொடி குரல் கொடுக்கவில்லை. ஒரு மாதம் பாதிப் பாட்டில் கம்ப்யூட்டர் அணைந்தது. மறுமாதமும் அதே கதை. வாசித்ததெல்லாம் போச்சு. ஆத்திரத்தோடு எழுந்து போனால், யுபிஎஸ்ஸுக்கு இரண்டடி தள்ளி உட்கார்ந்து நிம்மதியாகக் கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள்.

“காது என்ன செவிடா உனக்கு?” என்று கத்திவிட்டேன்.

அவள் என் முகத்தையே பார்த்தாள். “கவனிக்கலீங்க” என்று மட்டும் சொன்னாள்.

நான் கத்திய அந்த வார்த்தையை எந்த சாஃப்ட்வேரிலும் அழிக்க முடியாது. இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

ஏறிக்கொண்டே போன கோடு

மியூட்டில் இருந்த புல்லாங்குழலுக்கு வருகிறேன்.

அன்று நான் அவளிடம் ஒன்றும் கேட்கவில்லை. மறுநாள் அவள் தறிக்குப் போனதும் பழைய லேப்டாப்பைத் தூசி தட்டி எடுத்தேன். அது திணறித் திணறி உயிர் பிடித்தது. உள்ளே பழைய பாட்டுகள் எல்லாம் நான் விட்ட நிலையிலேயே இருந்தன. மிக்ஸ் செய்த பட்டன்கள்கூட இம்மியும் நகரவில்லை.

முதல் பாட்டைத் திறந்து ஈக்வலைசரைப் பார்த்தேன். வலது பக்கக் கோடு ஏறக்குறைய மட்டமாக இருந்தது. அடுத்த வருஷத்துப் பாட்டில் கொஞ்சம் மேலே. அதற்கடுத்ததில் இன்னும் கொஞ்சம். இப்படியே திறந்துகொண்டு போனேன். பெரிய கம்ப்யூட்டரில் இருக்கும் நான்காவது சாஃப்ட்வேருக்கு வந்தபோது கோடு உச்சியில் முட்டிக்கொண்டு நின்றது.

இவ்வளவு வருஷமும் நான் பாட்டை மெருகேற்றுவதாக நினைத்திருந்தேன். அவளுக்குக் கேட்காமல் போனதையெல்லாம் கூட்டிக் கூட்டி வைத்திருக்கிறேன். அவள் காது குறைந்த கணக்கு வருஷவாரியாக என் கம்ப்யூட்டரில் கிடந்திருக்கிறது. எனக்குப் பார்க்கத் தெரியவில்லை.

சாயங்காலம் பூங்கொடி வாசல் குழாயில் குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். முதுகுப் பக்கமாகப் போய் நின்றேன்.

“புள்ள.”

திரும்பவில்லை. இன்னும் ஒருமுறை கூப்பிட்டேன். குடம் நிறைந்து அவள் நிமிர்ந்தபோது என் நிழலைப் பார்த்துத் திடுக்கிட்டாள்.

“எப்ப வந்தீங்க?”

அவளுக்கு எதிரே போய் நின்றேன். “நேத்துப் பாட்டுல கொழலே இல்ல புள்ள. நான் அமுக்கி வெச்சிருந்தேன்.”

ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். துடைத்து முடித்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

“திரையில கொழலோட கோடு பச்சையா மேல ஏறி எறங்கி ஓடுச்சுங்களே. அதப் பாத்துட்டுச் சொன்னனுங்க.”

“எத்தன நாளா இப்படி?”

“நந்தினி காலேஜு போறப்ப இருந்துங்க. அவ கொலுசுச் சத்தம் கேக்கறது நின்னு போச்சு. கழட்டி வெச்சுட்டாளாட்ட இருக்குதுன்னு நெனச்சேன். ஒருநா குனிஞ்சு பாத்தா கால்லதானுங்க கெடக்குது.”

“ஏன் எங்கிட்டச் சொல்லல?”

அவள் குழாயை மூடினாள். “சொன்னா என்னயக் கூப்புட்டுக் கேக்க வெக்கறத உட்ருவீங்க. நாள் பூரா நீங்க ஒரு பக்கம், நா ஒரு பக்கம். ஒரு பாட்டு முடிஞ்சா பக்கத்துல உக்கார வெச்சு எப்படியிருக்குது புள்ளன்னு கேக்கறீங்க. அதும் போயிருமோன்னு பயந்துட்டனுங்க.”

நூல் வாங்குவது, சேலையைக் கொண்டுபோய்க் கொடுப்பது என்று என் வேலை எப்போதும் வெளியேதான். தறிக்கூடத்தில் காலை முதல் சாயங்காலம் வரை நின்றது அவள். அந்தச் சத்தம் ஆகாது என்று என் அறைக்கு வண்டி நிறைய முட்டை அட்டை வாங்கி ஒட்டியவன், அவள் காதில் வைக்க ஒரு துண்டு பஞ்சு கொடுத்ததில்லை. அதை அவளிடம் சொல்லவும் செய்தேன். குழாயடியிலேயே, அழுதுகொண்டேதான் சொன்னேன்.

“உடுங்க சாமி. தெருவுல போறவங்க பாக்கறாங்க” என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போனாள்.

சேலத்தில் ஒரு கண்ணாடி அறை

நந்தினிதான் சேலத்தில் ஒரு காது டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள். பூங்கொடியைக் கண்ணாடி வைத்த சின்ன அறைக்குள் உட்கார வைத்து, ஹெட்போன் மாட்டினார்கள். ஒலி கேட்டால் கையைத் தூக்க வேண்டும். அவள் வழக்கம்போலத் திரையைத் தேடினாள். அங்கே திரை இல்லை. பல நேரம் கை மடியிலேயே இருந்தது. வெளியே நின்று நான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

முடிவு ஒரு தாளில் கோடாக வந்தது. இடது பக்கம் ஓரளவு மட்டமாகப் போய், வலது பக்கம் சரசரவென்று கீழே இறங்கியது. என் ஈக்வலைசர் எங்கே ஏறியதோ அதே இடத்தில் இது இறங்கியிருந்தது.

“வீட்ல என்ன தொழில்?” என்றார் டாக்டரம்மா.

“தறிங்க.”

அவர் தலையாட்டினார். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றலாம், காதுக்கு மெஷின் வைத்தால் பேச்சும் சின்னச் சின்ன ஒலிகளும் பிடிபடும் என்றார். தறிக்கூடத்தில் மெஷினைக் கழற்றிவிட்டுக் காதை மூடிக்கொள்ள வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். இப்போது எங்கள் கூடத்தில் எல்லோருக்கும் காதுமூடி உண்டு. கையும் உதடும் இருப்பதால் பேச்சு ஒன்றும் குறையவில்லை.

மெஷின் வைத்த முதல் வாரம் பூங்கொடிக்கு வீடே ரகளையாக இருந்தது. பல்லி கத்துகிறது என்பாள். பிளாஸ்டிக் பை இப்படியா சத்தம் போடும் என்பாள். “நீங்க மோர் குடிக்கறது தெருமுக்கு வரைக்கும் கேக்குமாட்ட இருக்குதுங்க” என்று என்னையும் விடவில்லை.

பத்து நாள் கழித்து, கடைசியாகச் செய்த பாட்டை ஸ்பீக்கரில் போட்டேன். அரை நிமிடம்கூட ஆகவில்லை. முகத்தைச் சுளித்துக்கொண்டு கையை ஆட்டினாள்.

“ஐயோ, நிறுத்துங்க! இதென்னங்க தகரத்தக் கிழிக்கற மாதிரி?”

“நீ சொன்னபடிதான் புள்ள வெச்சேன்.”

“நந்தினி பாவமுங்க. இதையா பஸ்ஸுல கேட்டுட்டுப் போச்சு?”

இருவரும் சிரித்தோம். அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துக் கோட்டை இறக்கத் தொடங்கினேன். இந்த முறை ‘இன்னுங் கொஞ்சம் கொறைங்க’ என்றாள். அப்படியே ஒவ்வொரு பாட்டாக இறக்கிக்கொண்டு வருகிறோம். ஆறு பாட்டு முடிந்திருக்கிறது.

வட்டம் போட்ட நாள்

போன மாதம் பராமரிப்பு நாள் வந்தது. காலை ஒன்பது மணிக்குக் கரண்ட் போனது. தெரு கப்சிப். ஏரிப் பாட்டின் புல்லாங்குழலை இன்னும் நிதானமாக வாசித்துப் பார்க்கலாம் என்று ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தேன்.

அன்று எனக்கே ஆச்சரியமாக மூச்சு நன்றாக நின்றது. பல தடவை வழுக்கிய இடத்தில் வழுக்கவில்லை. ஏறி இறங்கும் அந்த இடத்தை வாசித்து முடித்தேன். இன்னும் இரண்டு வரிதான் பாக்கி.

“கோழிக்குஞ்சு கத்துதுங்க! சேவ் பண்ணுங்க!”

அடுப்படியிலிருந்து வந்தது. அதே குரல், அதே அதட்டல். எத்தனை வருஷம் ஆயிற்று அதைக் கேட்டு!

குழலை உதட்டிலிருந்து எடுத்துவிட்டேன். மவுஸில் கையை வைத்தேன், அவ்வளவுதான். கண்ணீர் வந்து மறைத்தது. சேவ் பட்டன் எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. திரை கறுப்பாகிப்போனது.

அடுப்படிக்குப் போனேன். கத்தி ஓய்ந்த யுபிஎஸ்ஸுக்குப் பக்கத்தில் அடுப்பைப் பார்த்து நின்றபடி எதையோ கிண்டிக்கொண்டிருந்தாள்.

“பண்ணிட்டீங்களா?”

“இல்ல புள்ள. போச்சு.”

“தொண்டத்தண்ணி வத்தக் கத்துனனே! இன்னுமென்னங்க பண்றது?” என்று கரண்டியை ஓங்கிக்கொண்டு திரும்பினாள். என் கண்ணைப் பார்த்தாள். பிறகு மறுபடி அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

வாசற்படியிலேயே நின்றேன். கையை ஆட்டவில்லை. எதிரே போகவில்லை. அவள் முதுகைப் பார்த்து, சாதாரணக் குரலில் சொன்னேன்.

“கரண்ட் வாரதுக்குள்ள இன்னொருக்கா வாசிக்கறேன். வந்து உக்காந்து கேக்கறியா?”

“இத எறக்கி வெச்சுட்டு வாரேனுங்க” என்றாள், திரும்பாமலே.